ஓர் எழுத்து மாறிய நாடு

கடலில் மிதக்கும் அந்த நாட்டுக்கு, முதலில் குடியேறிய தமிழர்கள் 'அக்கரை' என்று பெயர் வைத்தார்கள். எதிர்க்கரை என்று பொருள். பிறகு வந்த அரசு ஓர் எழுத்தை மாற்றி 'அக்கறை' ஆக்கியது. மக்கள்மேல் அக்கறை உள்ள நாடாம். பழைய பெயர் யார் வாயில் வந்தாலும் சுவரில் இருக்கும் செவிப்பெட்டி பிடித்துவிடும்; ஆளை வந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொல்லவைத்துக் காட்டிக்கொடுப்பவருக்கு உடனே குடியுரிமை.

மாசிலாமணிக்கும் மனைவிக்கும் இன்னும் குடியுரிமை இல்லை. அவனுக்கு வல்லின 'ற' வராது; 'ர'தான் வரும். அந்தச் சொல்லையே அவன் விட்டுவிட்டான்.

"காய்ச்சல்ல கெடக்கேன். எம்மேல உங்களுக்கு என்னதான் இருக்கு?" என்றாள் மனைவி பூங்கோதை.

"கஞ்சி வச்சுத் தந்தேனே."

"வாயத் தொறந்து சொல்லுங்க."

"பாசம்."

"அது நாய்க்குட்டி மேலயும் இருக்கும். வேற?"

"அன்பு."

"ஐயே, கல்யாணப் பத்திரிகை! சாதாரணமா எல்லாரும் சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்குல்ல?"

ஏன் அதையே கேட்கிறாள்? அவன் செவிப்பெட்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எங்க, நீ சொல்லு பாப்போம்."

சொல்ல வாயெடுத்த பூங்கோதை, அவன் முகத்தைப் பார்த்ததும் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.