பேச்சு மாறும் டிஸ்க்

“காலையில ஒண்ணு சொன்ன, இப்ப ஒண்ணு சொல்ற. உன்னை நம்பி நான் எப்படிக் காலம் தள்றது?”

அவள் போட்ட சத்தத்தில் ஹாலில் நாற்காலி நகர்ந்தது. “நான் என்னம்மா பண்ணேன்?” என்றபடி கணவர் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“உங்களை இல்லீங்க. இந்த டிஸ்க்கைத்தான் திட்டறேன்.”

“அப்பாடா!” என்றார் பாட்டு வாத்தியாரான கணவர், கரகரத்த குரலில். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை.

கம்ப்யூட்டர் தகவலைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்குகளைப் பழுது பார்ப்பதால் அவளுக்கு அந்த வட்டாரத்தில் ‘டிஸ்க் டாக்டர்’ என்றுதான் பெயர். இன்று மேஜை மேல் கிடந்தது ஃபோட்டோ ஸ்டூடியோக்காரர் கொடுத்த டிஸ்க், ஒரு கறுப்புப் பெட்டி. நன்றாக உழைக்கும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அவளே சிபாரிசு செய்து வாங்க வைத்த மாடல்தான்.

ஸ்டூடியோக்காரர் கேட்டதும் பெரிய வேலை இல்லை. “இதை விக்கப் போறேங்க. படமெல்லாம் வேற இடத்துல எடுத்து வச்சாச்சு. டிஸ்க் நல்லா இருக்கான்னு பார்த்துட்டு, திரும்ப எடுக்கவே முடியாதபடி அழிச்சுக் குடுங்க. கஸ்டமர் படம் வெளியில போச்சுன்னா என் பேரு கெட்டுடும்.”

டிஸ்க்குக்குள் தகவலெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களில் உட்கார்ந்திருக்கும். ஒரு கட்டத்தின் அளவு என்ன என்று கேட்டால் டிஸ்க்கே பதில் சொல்லும். ஆளின் உயரம் மாதிரி அது, நினைத்தபடி மாறாது.

இந்தப் பெட்டி முதலில் 4096 என்றது. சூடாக இருக்கிறதே என்று கணவரைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். சூடான டிஸ்க்கை ஹாலில் இருக்கும் டேபிள் ஃபேன் முன்னால் வைத்து ஆற வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் அவள் போட்ட சட்டம். ஆறியதும் அவர் எடுத்து வந்து கொடுத்தார். மாட்டிக் கேட்டால், கொஞ்சமும் கூசாமல் 512 என்றது.

கேபிளை மாற்றினாள். 512. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாள். அதிலும் 512. சரி, இதுதான் நிஜம்போல என்று மூச்சு விட்டு, மறுபடி ஃபேனுக்கு அனுப்பி வாங்கினால் 4096!

அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வேண்டுமென்றே சூடேறும்வரை ஓடவிட்டுப் பார்த்தாள், எண் அசையவில்லை. ஆற வைத்து வாங்கினால் திரும்பவும் 512. இத்தனை வருஷ அனுபவத்தில் எந்த டிஸ்க்கும் அவளை இப்படி முட்டாளாக்கியதில்லை.

உள்ளே இருப்பதைத் திறந்து பார்த்தால் ஏதாவது துப்பு கிடைக்கலாம். ஆனால் வாடிக்கையாளரின் கோப்புகளை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. அடுத்தவர் வீட்டு பீரோவைத் திறக்கிற வேலை அது என்பாள்.

கணவர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். “பொண்ணு மறுபடி ஃபோன் பண்ணினா. குழந்தை தூங்கவே மாட்டேங்குதாம். நான் பாடின தாலாட்டை அனுப்பச் சொல்றா.”

“அதான் உங்க டிஸ்க்குல இருக்கே, அனுப்புங்களேன்.”

“காலையில அதைத் தேடினதுலயே பெட்டி சூடாயிடுச்சும்மா. சாயங்காலம் அனுப்பறேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆபரேஷனுக்கு முன்னாடி பாடினது மொத்தமும் அது ஒண்ணுலதான் கிடக்கு. காப்பி எடுத்துத் தர்றேன்னு நீயும் சொல்லிக்கிட்டே இருக்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரார் டிஸ்க்குக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவளுக்குச் சொந்தப் புருஷனின் குரலைப் பத்திரப்படுத்த நேரமில்லை. “இந்தச் சனியனை முடிச்சதும் மொத வேலை அதுதாங்க. பத்திரமா வச்சிருக்கீங்கல்ல?”

“நீ சொன்ன மாதிரியேதான் வச்சிருக்கேன். உன் சட்டத்தை நான் என்னைக்கு மீறினேன்?”

அவர் நகர்ந்ததும் ஸ்டூடியோக்காரரின் போன். “என்னங்க, ஆச்சா? வாங்கறவர் வந்து உக்காந்திருக்காரு.”

“சாயங்காலம் வாங்க!” என்று கடுகடுத்துவிட்டுப் போனை வைத்தாள். திரையில் அதே 512 அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. பொறுமை போயேபோய்விட்டது.

“ஐநூத்திப் பன்னெண்டோ, நாலாயிரமோ, எப்படியோ தொலை!” என்று அழிக்கும் கட்டளையைக் கொடுத்தாள்.

சும்மா அழிப்பு இல்லை. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பூஜ்ஜியத்தை எழுதிக்கொண்டே போகிற அழிப்பு. வெளியே வெயில் இறங்கும்வரை ஓடி முடிந்தது. சரிபார்த்தாள். ஒரு துரும்பு மிச்சமில்லை. அந்த நாளில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“ஏங்க, முடிஞ்சுது!” என்று ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “இனிமே நானே தலைகீழா நின்னாலும் இதுலேர்ந்து ஒண்ணையும் மீட்க முடியாது. வாங்க, இப்பவே உங்க டிஸ்க்கைக் காப்பி எடுத்துடலாம்.”

ஹாலில் ஃபேன் முன்னால் இருந்த பெட்டியை எடுத்து லேப்டாப்பில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். திரையில் மேலும் கீழும் தேடினார். பிறகு அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

“ஏம்மா, என் டிஸ்க்குல தாலாட்டையே காணோம்... யாரோட கல்யாண ஃபோட்டோவோ இருக்கே?”