பதினொரு சாண்

தாளின் ஓரத்தைத் தூக்கினான்.

அடியில் வெள்ளைப் புழுக்கள். ஒன்றின்மேல் ஒன்று.

விட்டுவிட்டான். தாள் ஈரமாக விழுந்தது.

சனிக்கிழமை காலை. மொட்டை மாடியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி சிந்துஜா மாடித் தோட்டத்துக்கு மண் கலக்கும் மேசை இது. செம்மண், தொழு உரம், தென்னை நார், வேப்பம் புண்ணாக்கு எல்லாவற்றையும் இதன்மேல் கொட்டித்தான் பிசைவாள். அடியில் காக்கித் தாள் விரித்திருப்பாள், ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசியது. மாதம் ஒருமுறை அழுக்கோடு சுருட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவாள்.

அவள் கடைசியாகப் போட்ட தாளுக்கு நான்கு மாதம் ஆகிறது.

அவள் போயும்.

தாளின் நடுவே ஒரு டப்பா. மீன் குடலும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த உரம். மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற ஆளில்லை. போன வாரம் வெடித்துவிட்டது.

நாற்றம் இரண்டு மாடி இறங்கியது. நேற்று வீட்டுக்காரம்மா படியில் மறித்துக்கொண்டார்.

"தம்பி, சோறு எறங்க மாட்டேங்குதுங்க. அந்த மேசையச் சுத்தம் பண்ணி நல்லதா ஒரு தாளு போடுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் பழைய சாமான்காரனக் கூப்புட்டு மேசையோட தூக்கிக் குடுத்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"பண்ணிடறேங்க," என்றான்.

நான்கு மாதமாக அவனுக்குப் பசியில்லை. அழுகையும் இல்லை. குமட்டல் மட்டும் ஒழுங்காக வருகிறது.

எவ்வளவு தாள் வேண்டும்?

மேசைக்குப் பின்னால் சுவரில் அவள் எழுதிவைத்திருக்கிறாள். நீல மார்க்கரில்.

நீளம் 11 சாண். இந்தப் பக்கம் மடிக்க 1. அந்தப் பக்கம் மடிக்க 1.

பதிமூன்று. மேசையில் கை வைக்காமலே கணக்கு முடிந்தது. நிம்மதியாக இருந்தது.

கடையில் பெரிய உருளையாகத் தாள் நின்றது. பார்சல் சாமான்கள் விற்கும் கடை.

"எத்தன மீட்டருங்க?"

"பதிமூணு சாண்."

கடைக்காரர் சிரித்தார். "படிச்சவராட்டத் தெரியறீங்க, சாண் கணக்குச் சொல்றீங்க. செரி, வெச்சுக் காட்டுங்க."

தாள் சுத்தமாக இருந்தது. தயங்காமல் கையை விரித்து வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

"ஒரு அம்மணியும் இப்படித்தான் அளந்து வாங்குவாங்க," என்றார் கடைக்காரர், கத்தரித்தபடி. "இப்பக் காணம். வீடு மாத்திப் போயிட்டாங்களாட்டம் இருக்குது."

அவன் தாளைச் சுருட்டி வாங்கிக்கொண்டான்.

மாடியில், இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு பழைய தாளைச் சுருட்டத் தொடங்கினான். பாதியில் டப்பா சரிந்தது. பழுப்பாக ஒன்று வழிந்து முழங்கை வரை வந்தது.

தோளை உயர்த்தி மூக்கை அதில் புதைத்தான்.

அப்படியே நின்றான்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். அவள் வாந்தியெடுத்தாள். ஒரு கையால் கிண்ணத்தைப் பிடித்திருந்தான். இன்னொரு கையால் மூக்கை.

அவள் நிமிர்ந்தபோது பார்த்துவிட்டாள்.

"ரொம்ப நாறுதாங்க?"

மன்னிப்புக் கேட்பதுபோல.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் கதவைப் பார்த்தான்.

தன்னைவிடப் புழு எவ்வளவோ மேல்.

கையிலிருந்த பைகளைக் கழற்றி எறிந்தான். வெறுங்கையால் சுருட்டினான். புழுக்கள் விரலிடுக்கில் நெளிந்தன. இரண்டு முறை ஓரமாகப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தான். தேய்த்தான். ஃபினாயில் ஊற்றினான். மறுபடி தேய்த்தான்.

மேசை காய்ந்ததும் புதுத் தாளை விரித்தான். இந்தப் பக்கம் ஒரு சாண் மடித்தான். மறுமுனை மேசையைத் தாண்டி, முழங்காலைத் தாண்டித் தொங்கியது.

வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி வந்தார். மெதுவாக அதை விலக்கி மோந்து பார்த்தார்.

"ம். இப்பத் தேவுலீங்க. மேசை இருக்கட்டும்." தொங்கும் தாளைக் காட்டினார். "அதென்ன, பொடவையாட்டம் தொங்குது? அளந்து வாங்கலீங்களா?"

"அளந்துதாங்க வாங்கினேன்."

"நல்லா அளந்தீங்க போங்க. வெட்டி உடுங்க, காத்துல அடிச்சுக்கும்."

இறங்கிப் போனார்.

கத்தரிக்கோலை எடுத்தான். சுவரைப் பார்த்தான். 11 என்றுதான் இருந்தது.

மேசையின் முனையிலிருந்து கையை வைத்தான். எட்டு முழுதாக வந்தது. ஒன்பதாவதில் சுண்டுவிரல் வெளியே, வெறுங்காற்றில் நின்றது.

மறுபடி அளந்தான். அதே எட்டு.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டான். முதலிலிருந்து. பத்து வந்தது.

இன்னும் கொஞ்சம் இழுத்தான்.

பதினொன்றில் மேசை முடிந்தது.

அந்த அளவு கலையாமல் கையை மெல்லத் தூக்கினான். அவள் கை இவ்வளவுதான் இருந்திருக்கிறது.

முகத்தருகே கொண்டுவந்தான். ஃபினாயிலுக்கு அடியில் மீன் நாற்றம் போகவில்லை.

மூச்சை முழுதாக இழுத்தான்.