இன்று முதல் அமல்

மிஷின் தண்டு சுழலும் வளையமான அந்தப் பித்தளை புஷ்ஷைக் கொளஞ்சியப்பன் சுண்டுவிரலில் மாட்டி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். காக்கிச் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்தார். "நான் கடைஞ்சதுதான் சார். தேயாம அப்படியே கீது பாருங்க."

அறிவுச்செல்வனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "அதேதாண்ணே, பழைய மிஷின்லேர்ந்து கழட்டிட்டு வந்தேன். இதே மாதிரி நாளைக்குக் காலையில வேணும்" என்றான்.

அவன் கள்ளக்குறிச்சி ஃபேக்டரியில் மேனேஜர். சாமை உமி நீக்கும் மிஷின்கள் விடிந்தால் கல்வராயன் மலைக்குப் போயாக வேண்டும். அங்கே விழாப் பந்தல்கூடப் போட்டாயிற்று. புஷ் ஏற்றி வந்த கோயமுத்தூர் லாரியோ இடஒதுக்கீட்டு மறியலில் சின்னசேலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. மிஷின் மலையேறாவிட்டால் நீ வேலைக்கே வர வேண்டாம் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

லேத் மிஷின் வைத்துக் கடைந்து தரும் வேறு பட்டறைக்கும் போக வழியில்லை. ஒரு மிஷினுக்கு என்னென்ன சாமான், யார் செய்தது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பட்டியலாக இருக்கிறது. பட்டியலில் இல்லாததை மாட்டினால் மிஷினுக்கு நம்பர் விழாது. நம்பர் விழாத மிஷின் கேட்டைத் தாண்டாது.

மிஷினில் புஷ் மாட்டும் இடத்துக்குச் சோதித்து ஒப்புக்கொண்டது இரண்டே பேருடைய புஷ்ஷைத்தான். ஒன்று கோயமுத்தூர் கம்பெனி, இன்னொன்று மணலூர்பேட்டை கொளஞ்சியப்பன். இரண்டு வருஷத்துக்கு முன் இவர் பேரை எடுத்துவிட்டுக் கோயமுத்தூரை ஏற்றிய புண்ணியவான் அறிவுச்செல்வன்தான்.

அதற்கப்புறம் இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வருகிறான். மறியலுக்குப் பயந்து சந்துபொந்தாகப் பைக் ஓட்டி வந்திருந்தான். ஊரே கடையடைப்பு, பட்டறை ஷட்டரும் இறங்கியிருந்தது. அதன்மேல் படர்ந்திருந்த அவரைக்கொடி வெள்ளைச் சட்டையில் உரசாமல் ஒதுங்கி நின்றுகொண்டான்.

உள்ளேயிருந்து கொளஞ்சியப்பனின் மனைவி பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாரு, நம்ம லோடு ஆட்டோவ கேட்டோட திருப்பி அனுப்புனாரே, அந்த சாரா?"

"அவரேதான். ஒரு சொம்பு தண்ணி குடு. பாவம், வெயில்ல வந்துகீறாரு."

"பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கண்ணே" என்று இளித்தான் அறிவுச்செல்வன்.

"நான் எங்க சார் வெச்சுக்கினேன்? நீங்கதான் கம்ப்யூட்டர்ல வெச்சீங்க. பேர மாத்தறதுக்கு ரெண்டு வழி கீதாமே? 'கையில கீற சரக்கு தீந்தப்புறம்'னு ஒண்ணு, 'இன்னியிலேர்ந்து'ன்னு ஒண்ணு. நான் முழு லோடும் கடைஞ்சு ஏத்திக்கினு வந்து கேட்டாண்ட நிக்கறேன், நீங்க 'இன்னியிலேர்ந்து'ன்னு போட்டீங்க. அவ்ளோ புஷ்ஷையும் நான் இன்னா பண்றது, கொழம்பு வெச்சுத் துன்றதா? பழைய பித்தளைன்னு எடைக்குத்தான் போட்டேன்."

பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறிவுச்செல்வன் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான். நாளைக்கு மிஷின் மலையேறட்டும், மறுநாளே உன் பேரைத் தூக்கவில்லை என்றால் நான் அறிவுச்செல்வன் இல்லை என்று உள்ளுக்குள் கறுவினான்.

"இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லுங்கண்ணே."

"எம் பேர ஏத்துங்க. கோயமுத்தூரான் பேர எடுங்க. அதையும் இன்னியிலேர்ந்துன்னு போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் சந்தியாவுக்குப் போன் போட்டான். "சார், ரெண்டு பேரையும் வெச்சுக்கலாமே?" என்றது ஸ்பீக்கர். "அவங்கள எடுத்துட்டா, சரக்கு வந்தாக்கூட உள்ள ஏத்த முடியாது சார். திரும்ப மாத்தணும்னா முதலாளி ஓக்கே பண்ணணும்."

கொளஞ்சியப்பன் வெர்னியரைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சொன்னதச் செய்ம்மா!" என்று கத்தினான் அறிவுச்செல்வன். கையோடு முதலாளிக்கும் போட்டான்.

"விழாவுக்கு மலையேறிக்கிட்டு இருக்கேன், கோமுகி டேம் தாண்டிட்டேன்யா" என்றார் அவர். "இதோ, ஓக்கே பண்ணிட்டேன். இனிமே எனக்கு டவர் கெடைக்காது. காலையில மிஷினோட வந்து சேரு."

சற்று நேரத்தில் சந்தியா கூப்பிட்டாள். "மாத்தியாச்சு சார். இன்று முதல் அமல்னு வந்துடுச்சு." கொளஞ்சியப்பன் கண்ணை மூடிக் காது குளிரக் கேட்டார்.

சொம்புத் தண்ணீர் உள்ளே இறங்குவதற்குள் போன் மறுபடி அலறியது. "சார்! மறியல எப்பவோ விட்டுட்டாங்களாம். கோயமுத்தூர் லாரி நம்ம கேட்ல நிக்குது. கம்ப்யூட்டர் ஏத்திக்க மாட்டேங்குது சார், பட்டியல்ல இல்லைங்குது. முதலாளிக்குப் போட்டா லைன் போகல. லாரிய நிறுத்தி வெக்கட்டுமா?"

"அதான் கம்பெனி சரக்கே வந்துடுச்சே" என்று வீட்டுக்குள் திரும்பினார் கொளஞ்சியப்பன். "நான் எதுக்கு சார் நடுவுல?"

அறிவுச்செல்வன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான். "லாரிய திருப்பி அனுப்பும்மா! அவனுங்க சங்காத்தமே வாணாம். அண்ணன் இருக்காரு, எல்லாம் பாத்துக்குவாரு" என்று போனை வைத்தான். "அவ்ளோதாண்ணே, நீங்க கேட்டதெல்லாம் ஆச்சு. ஷட்டரத் தூக்கி லேத்த ஓட்டுங்க."

கொளஞ்சியப்பன் புஷ்ஷை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"லேத்த வித்து ரெண்டு வருசம் ஆவுது சார்."