கஷாயத் திருடன்

நோயாளிக்கு வைத்த கஷாயத்தைத் திருடிக் குடிக்கிற மனுஷனை அக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள். அதுவும் யார்? தங்கையின் புருஷன்.

தங்கைக்குப் புற்றுநோய் என்றதும் தையல் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடி வந்தவள் அக்கா. வந்ததிலிருந்து தினமும் வேரும் பட்டையும் இடித்துப் போட்டு, தெருவே மூக்கைப் பொத்துகிற மாதிரி ஒரு கஷாயம் காய்ச்சினாள். கீமோவில் போகிற எதிர்ப்புச் சக்தியை அதுதான் திருப்பிக் கொண்டுவரும் என்பது அவள் கட்சி. போன வாரம் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தபோது, "எல்லாம் என் கைப்பக்குவம்" என்று எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது காலி டம்ளரை எடுக்க வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லக்கா. தாகமா இருந்துச்சு."

"தாகத்துக்கு இந்த வீட்டுல தண்ணியே இல்லையா?"

பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று முனகியபடி நழுவினார் மனுஷன்.

அக்கா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "பாத்தியாடி உன் புருஷன் லட்சணத்தை? உடம்பு முடியாதவ வாயில இருந்து பிடுங்கிக் குடிக்கிறார்."

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அவர் பிடுங்கலக்கா. தினமும் நான்தான் கொடுக்கிறேன்."

"எதுக்கு?"

"கீமோ முடியற வரைக்கும் மூலிகை எதுவும் தொடக்கூடாதுன்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டார். எதிர்ப்புச் சக்தி ஏறுதோ இல்லையோ, உள்ள போற மருந்தோட அது மல்லுக்கு நிக்கலாமாம்."

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. "என்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? இல்ல, கொட்டிட்டாவது போயிருக்கலாம். அவர் ஏன் குடிக்கணும்?"

"பாவம், கசப்புன்னாலே ஆகாது அவருக்கு. குடிக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து பாத்ரூமே கதின்னு கிடக்கிறார். நானும் கொட்டத்தான் போனேன். விடமாட்டேன்னுட்டார்."

"ஏனாம்?"

"'அக்கா ராத்திரியெல்லாம் தலையணைக்குள்ள முகத்தை வெச்சு அழறாங்க. காலையில இதை இடிக்கும்போது மட்டும்தான் வாய்க்குள்ள ஏதோ பாடிக்கிறாங்க. அதைப் போய்ச் சாக்கடையில ஊத்தச் சொல்றியா'ன்னு கேட்டார்."