திறக்காத வருஷம்

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போய்விட்ட கணக்கர் அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. வெல்டர் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கணினி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார். அவருடைய வருமான வரிக் கணக்கை, இங்கே வேலை பார்க்கும் மூத்த மகள் தாமதமாகத் தாக்கல் செய்துகொண்டிருக்கிறாள். ஊரார் கணக்கையெல்லாம் இதே மேஜையில் முடித்துக் கொடுப்பவள். வரி என்றால் பணக்காரன் சமாச்சாரம் என்று வீட்டோடு சேர்ந்து தானும் நம்பித் தொலைத்திருக்கிறாள். "கூலியில கான்ட்ராக்டர் வரி புடிச்சிருக்கான். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?" "கமிஷன் எடுக்கிறான்னு நெனச்சேன்மா. கேட்டா நாளைக்கு வராதேம்பான்." அவர் வருமானத்துக்கு வரியே கிடையாது; போன வருஷம் பிடித்த பணம் திரும்ப வரும். பழைய வருஷங்களுக்குக் கெடு முடிந்துவிட்டது; பிடித்த தொகையோடு அவை திரையில் சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன. திறக்காது என்று தெரிந்தே அவற்றில் ஒன்றை அழுத்துகிறாள், மறுபடியும் அழுத்துகிறாள். மவுஸ் டக்டக்கென்கிறது. "மெதுவாம்மா, ஆபீஸ் சாமான். ஒடைஞ்சா உன் சம்பளத்துல புடிப்பாங்க" என்று அப்பா சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை. தீப்பொறி பட்டுத் தழும்பேறிய விரலை அவர் அந்த வருஷத்தின்மேல் வைக்கிறார். "இது நீ காலேஜ் சேர்றதுக்கு முந்தின வருஷம்தானே? அப்புறம் உனக்கு ஃபீஸ் கட்ட வழியில்லாம சின்னவளப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தித் துணிக்கடைக்கு அனுப்பினோமே?" "ஆமாப்பா." "எவ்வளவு புடிச்சிருக்கான்?" அவள் தொகையைச் சொல்கிறாள். கல்லூரிக் கட்டணத்தைவிட அது அதிகம். விரலை எடுக்காமலே அப்பா கேட்கிறார்: "அப்போ நம்மகிட்ட பணம் இருந்திருக்கு, இல்ல?"