எல்லாம் ஒரே கதவில்

இன்னும் பேச்சு வராத என் ஐந்து வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கிவிட்டேன். 'குழந்தைக்கு எல்லா உதவியும் ஒரே கதவில்' என்ற போஸ்டரை மூன்று கதவிலும் ஒட்டியிருந்தார்கள்.

மாற்றுத்திறனாளிகள் பிரிவில், "சுவத்துல முட்டிக்குதா? அப்ப மனநலப் பிரிவு" என்றார்கள். மனநலப் பிரிவில், "பேச்சு வரலையா? அப்ப பள்ளிக்கூடப் பிரிவு" என்றார்கள். பள்ளிக்கூடப் பிரிவின் கிளார்க் அம்மா மறுபடி முதல் இடத்துக்கே கைகாட்டினார்.

"என்னம்மா, இப்படிப் பந்தாடறீங்க?" என்றேன்.

"என்கிட்ட கோபப்பட்டு என்ன சார்? மூணு பிரிவையும் சேர்த்துவைக்கன்னே ஒரு அதிகாரி இருக்கார். அவரைக் கேளுங்க. ஆனா இன்னிக்கு லீவாம்."

"அவர் என்னதான் பண்றார்?" தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டேன்.

"மீட்டிங் போடுவார். போஸ்டர் அடிப்பார். இந்தப் பக்கம் தலைகாட்டினதே இல்லை."



அதற்குள் மகள் இறங்கிப்போய், போஸ்டரில் தலைநிறைய முடியோடு சிரித்துக்கொண்டிருந்த அதிகாரியின் மூக்கைத் தொட்டாள். திரும்பி வந்து, என்னைக் குனியவைத்து என் மூக்கைத் தொட்டாள்.

கிளார்க் அம்மா படத்தைப் பார்த்தார், என் வழுக்கையைப் பார்த்தார், பதறி எழுந்தார்.

"உட்காருங்கம்மா," என்றேன். "நான் இன்னிக்கு லீவு."