வாசல் வரைக்கும்

'நவம்பர் 12. ஒரு சிறு தவறு. நேற்று மாலை வகுப்பில் அவசரப்பட்டு வாயைத் திறந்துவிட்டேன். பழைய சமூகவியல் கோட்பாடுகள் இந்தக் காலத்துக்குச் செல்லாது என்றேன். சொன்னது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த முறை நன்றாக யோசித்து...'

அந்த இடத்தில் சுமர்த்தாவின் பேனா நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வீறிட்டு அழுதார்கள்.

பக்கத்து வீடு தீர்த்தாவினுடையது. அவன் அம்மா ஒரு மாதமாகவே படுக்கையில் கிடந்தாள்.

போய்விட்டாள்.

சுமர்த்தா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாவு விழுந்தால் ஊர்ச்சபையான பஞ்சாரின் மண்டபத்து மரமணி ஒலிக்கும். ஒலித்த கையோடு வீட்டுக்கு ஓர் ஆண் வீதம் அரிவாளுடன் சாவு வீட்டில் வந்து நிற்பார்கள். மூங்கில் வெட்டுவார்கள், பாடை கட்டுவார்கள். பணக்காரனுக்கும் அதுதான், பரதேசிக்கும் அதுதான்.

மரமணி ஒலிக்கவில்லை.

நாலு மாதத்துக்கு முன்பு ஊர்க்கூட்டத்தில் தீர்த்தா வீட்டைத் தள்ளிவைத்திருந்தார்கள். ஓட்டல் வேலை, ஓட்டல் வேலை என்று சொல்லி அவன் கோயில் வேலைக்கு வரவேயில்லை. அந்த வீட்டாரோடு பேசக் கூடாது, வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தவன் வீட்டுக்கும் அதே கதி. சாவென்றால் மயானத்தை மறிக்கமாட்டோம், ஆனால் தோள் கொடுக்க வரமாட்டோம்.

எல்லோரும் கை தூக்கினார்கள். சுமர்த்தாவும் தூக்கினான்.

நேற்று வகுப்பில் அது அவன் நினைவுக்கே வரவில்லை. ஓர் ஊர் சாமி என்று கும்பிடுவது உண்மையில் தன்னைத்தான் என்று நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் சொல்லிவிட்டார் என்றார் ஆசிரியை. சுமர்த்தா எழுந்து, இன்றைக்குச் சம்பளம் இருக்கிறது, பைக் இருக்கிறது, போன் இருக்கிறது, யாரை யார் கட்டிப்போட முடியும் என்று கேட்டான்.

"அப்படியா தம்பி? உங்க பஞ்சார் கூட்டத்துக்கு நாலு தடவை மட்டம் போட்டுட்டு வந்து பேசுங்க."

வகுப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

இப்போது போன் அதிர்ந்தது. தீர்த்தா எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தான்: 'அம்மா போய்விட்டாள்.'

அதன் கீழே கூப்பிய கைகள் வந்து குவிந்தன. மளிகைக்கடைக்காரர். மேளக்காரர். ஊர்த்தலைவரின் மகன்கூட. எல்லோரும் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பவர்கள்.

சுமர்த்தா சாவுக்கும் சடங்குக்கும் கட்டுகிற இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

தெரு முழுக்க ஆண்கள் நின்றார்கள். எல்லோரும் இடுப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வாசலில். ஒருவரும் படியிறங்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் இல்லை. காவல் இல்லை. கயிறுகூட இல்லை.

சாமி இருக்குமிடம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் அது நின்றது. அவன் வாசலிலும்தான்.

"என்ன பிளி, கால்ல வேர் விட்டுடுச்சா?"

பின்னால் அவன் மனைவி செகரினி, கையெல்லாம் அரிசி மாவு. புருஷனை அங்கே 'பிளி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உள்ள எங்கம்மா மூச்சு வாங்கிட்டுக் கிடக்கா. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா தூக்க யாருடி வருவா?"

"யாரு வருவா? உங்க பிரெஞ்சுக்காரர்தான்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

அவன் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். 'ஆழ்ந்த இரங்கல், தம்பி. வர முடியாத நிலை.' அனுப்பினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் டிங் என்று ஒரு சத்தம்.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் அனுப்பியதுதான். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போய் விழுந்திருந்தது.

பதில் உடனே வந்தது. 'பரவாயில்லண்ணா. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு எடுக்கறோம். பாடைக்கு நாலு தோள் வேணும். மூணு இருக்கு.'

சுமர்த்தா எண்ணிப்பார்த்தான். தீர்த்தா ஒன்று. தீர்த்தாவின் அப்பா ஒன்று.

அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

"செகரினி," என்று கூப்பிட்டான். பதில் இல்லை.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆணியில் அவளுடைய இடுப்புத் துணியைக் காணவில்லை. பின்கட்டில், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கை நாலு மாதமாக ஒரு மூங்கில் தட்டி மறைத்திருந்தது. தட்டி மண்ணில் சாய்ந்து கிடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. அவள் எப்போதும் போடுகிற அதட்டல்தான்.

"அழுதுட்டே நின்னா ஆச்சா? தண்ணி எங்க இருக்கு, எடுத்துட்டு வாடா."

நாலு மாதத்தில் அந்த முற்றத்தில் வெளியாள் பேசிய முதல் பேச்சு. தெருவுக்கே கேட்டிருக்கும்.

சுமர்த்தா வாசலுக்கு ஓடினான்.

எல்லா வாசல்களிலும் அதே ஆட்கள் அப்படியே நின்றார்கள். ஆனால் யாரும் தீர்த்தா வீட்டைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் சுமர்த்தாவின் வீட்டின் மேல் இருந்தன. எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து வழக்கம்போல் தலையசைத்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினார். அடுத்த வீட்டுக் கதவு. அதற்கடுத்த வீடு.

உள்ளே அம்மா இருமினாள்.

அவன் திரும்பி வந்து பேனாவை எடுத்தான். பாதியில் நின்ற வரிக்குக் கீழே எழுதினான்.

'நாளை: காலை ஏழு மணி, தீர்த்தா வீடு. பாடையின் பின்பக்கம், இடது தோள்.'